படகு இல்லை என்றால் இல்லைதான்

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி விவேகானந்தர் பாறையைப் பார்க்க வருகிற நம் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்று பலமாக இருக்கிறது, படகு ஓடாது என்று அறிவித்தால் டிக்கெட் கவுன்ட்டரில் சண்டைக்கு நிற்காதீர்கள்.

1953 ஜனவரி 31. புயல் எச்சரிக்கை இருந்தும், ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்ராரிலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்குக் கிளம்பியது ‘பிரின்சஸ் விக்டோரியா’ என்ற பயணிகள் கப்பல். கார்கள் ஏறும் பின்கதவை அலை அடித்துச் சிதைத்தது. கார் தளத்தில் புகுந்த தண்ணீர் வெளியேறப் போதிய வழியில்லை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் மொத்த நீரும் அந்தப் பக்கமே ஓடும். கப்பலும் அப்படித்தான் சாய்ந்தது. 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிய உயிர்காப்புப் படகு நொறுங்கியது. அவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. வானொலி அதிகாரி டேவிட் பிராட்ஃபுட் கடைசிவரை மோர்ஸ் தந்திச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

நம் கரைக்கு இது புதிதா? 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவ ஊர்கள் பக்கம் போய்க் கேளுங்கள்.

பயணிகளின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டு படகை நிறுத்துகிறவரை நான் மதிக்கிறேன். படகு ஓடாத அன்றைக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசு பராமரிக்கும் இடம், அருமையான மரவேலை. திங்கட்கிழமை விடுமுறை.