பனிமய மாதா திருவிழாவும் எங்கள் ஆச்சியும்

ஜூலை 26, 2025, சனி

காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். காபியெல்லாம் அப்புறம்தான் என்று ஆச்சி சொல்லிவிட்டார். பனிமய மாதா கோவில் கொடியேற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பால் தூக்கும் பழச்சீப்பும் வாசலிலேயே தயாராக இருந்தன. "நீ போயிட்டு வா பிள்ள. எனக்கு முட்டி மடங்க மாட்டேங்கு. கூட்டத்துல நிக்க முடியாது."

கொடி ஏறியதும் பழைய துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதின. வீட்டில் ஆச்சி அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்து, கேட்டதும் சிலுவை போட்டுவிட்டு அரிசி களைய எழுந்தாராம். எதிர்வீட்டு மைனி சொன்னார்.

இது 443ஆம் ஆண்டுத் திருவிழா. வருடா வருடம் கொடியேறும் இதே நாளில்தான் சுவக்கின், அன்னம்மாள் திருநாளும் வரும். மாதாவைப் பெற்றவர்கள், இயேசுவுக்குத் தாத்தா பாட்டி. ஆச்சிக்கு அதில் தனி சந்தோஷம். "அன்னம்மா இல்லாம மாதா ஏதுட்டி?"

ஜூலை 27, ஞாயிறு

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தொடங்கிவைத்த தாத்தா பாட்டிகள் தினம் இன்று. ஆட்டோ பிடித்து ஆச்சியைக் கோவிலுக்குக் கூட்டிப் போனோம். நற்கருணை ஆசீரின்போது எல்லாரும் தமிழில் பாட, ஆச்சி மட்டும் மெல்லிய குரலில் 'தாந்தும் எர்கோ'வை லத்தீனிலேயே பாடினார். பூசை லத்தீனில் நடந்த காலத்தில் பாடமானது. ஓர் இடத்திலும் தட்டவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

ஆச்சியின் அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் மூடி போட்ட அலுமினியத் தூக்கு ஒன்று இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தூக்கில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். பிடியரிசி. மாதக் கடைசியில் அது வின்சென்ட் தே பவுல் சபைக்குப் போகும். சபைக்காரர்கள் இல்லாதவர்கள் வீட்டில் சேர்ப்பார்கள்.

இன்று பக்கத்தில் நின்று கவனித்தேன். விரல் மூட்டெல்லாம் வீங்கி, கை முழுதாக மூட முடியவில்லை. அள்ளும்போதே அரிசி சிந்துகிறது. அதனால் இப்போது இரண்டு தடவை அள்ளிப் போடுகிறார். "சிந்துறது போக ஒரு பிடி சேரணும்லா."

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், இந்த அரிசி சபைக்குப் போகாது. விசைப்படகு வேலையை நம்பியிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. இருட்டிய பிறகு என் தம்பியிடம் கொடுத்தனுப்புவார். நாலு பேர் பார்க்கக் கொடுக்கக் கூடாது என்பது ஆச்சியின் சட்டம். படகு கடலுக்குப் போனதும் யாராவது திருப்பித் தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். "வாங்கினாத்தான் அடுத்த தடவ கேக்க அவளுக்கு வாய் வரும்." நானாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கொடுக்கிறதில் இவ்வளவு யோசிக்க இருக்கிறது என்பதை இந்த அடுக்களையில்தான் கற்றுக்கொண்டேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையின்போது நான் சென்னையில் இருந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இங்கே கரண்ட் இல்லை, போன் கிடைக்கவில்லை. எங்கள் தெரு கொஞ்சம் மேடு. பள்ளத்துத் தெருக்களில் இருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு முதலில் கஞ்சியானது இந்தத் தூக்கு அரிசிதான். அது தீர்ந்ததும் தெருவில் ஒவ்வொரு வீடாக அரிசி வந்தது. கடைசி வீட்டு பாய் தன் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தாராம்.

ஜூலை 31, வியாழன்

ஏழு மணிக்கு செபமாலை. செபமாலையில் தியானிக்கும் தேவ ரகசியங்களில், வியாழக்கிழமைக்குரிய ஒளியின் தேவ ரகசியங்கள் 2002இல் வந்தவை. ஆச்சி அறுபது வயதுக்குமேல் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்.

செபமாலையின் மணிகளில் ஒவ்வொரு பத்தையும் ஒரு வீட்டுக்காக வேண்டி உருட்டுவார். வேலை போன பையன், பிள்ளைப்பேறுக்கு நாள் நெருங்கிய பெண், வெளிநாட்டிலிருந்து போன் பண்ணாத மகன். கடைசிப் பத்து கடலில் இருப்பவர்களுக்கு. அது மாறவே மாறாது. ஆச்சியின் அப்பா 1961 முத்துச் சிலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், மூழ்கி முத்தெடுத்தவர். தாத்தா கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர். மூச்சடக்கி இறங்கும் ஆட்களுக்காகச் சின்ன வயதிலிருந்து மணி உருட்டிய கை இது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

முதல் வெள்ளி. நடமாட முடியாதவர்களுக்கு சாமியார் வீடு வீடாக நன்மை, அதாவது நற்கருணை, கொண்டுவருவார். இரண்டு வீடு தள்ளிப் படுக்கையில் கிடக்கும் பாட்டியை அதற்குத் தயார் செய்வது பல வருடமாக ஆச்சியின் வேலை. இப்போது குனிய முடியாததால் நாற்காலியில் இருந்தபடி என்னையும் மைனியையும் ஏவினார்.

வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து முகம், கழுத்து, விரலிடுக்கு. முதுகைத் திருப்பும்போது தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துத் திருப்ப வேண்டும், கையை இழுக்கக் கூடாது. முதுகில் புண் வைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் நர்சிங் படித்தவள். எனக்கு வகுப்பில் சொல்லித்தந்த அதே முறை. தலை வாரி, சின்ன மேசையில் வெள்ளைத்துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் அறைந்த இயேசுவின் உருவம்) மெழுகுதிரியும் வைத்தோம். சாமியார் வந்து போன பிறகு அந்தப் பாட்டி ஆச்சியின் கையை விடவே இல்லை. பத்து மணிக்கு மேல்தான் வீடு திரும்பினோம்.

ஆகஸ்ட் 2, சனி

பின்தெருவில் துட்டி, ஒரு சாவு. இந்து வீடு. ஆச்சி கம்பை ஊன்றிக்கொண்டு போனார். செபமாலையை வெளியே எடுக்கவில்லை, முந்தானைக்குள் மணி உருண்டுகொண்டிருந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் மதியத்துக்குச் சோறும் ரசமும் எங்கள் வீட்டிலிருந்து. கருவாடு, மீன் வாசனை படாத பானையாகப் பார்த்து எடுக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருநாள். மாவட்டத்துக்கே விடுமுறை. விடியற்காலையிலிருந்து வீட்டில் விருந்தாளிகள், பந்தி பந்தியாகச் சாப்பாடு. எழுத நேரமில்லை.

மாலையில் மாதா வீதி வலம் வந்தது. 1555இல் கடல் வழியாக இங்கே வந்த சுரூபம். இப்போதிருக்கும் கோவில் 1713ஐச் சேர்ந்தது, 1982இல் பேராலயமானது. தங்கத்தேர் 1806இல் முதன்முதலாக ஓடியது. எல்லா வருடமும் ஓடாது, எப்போதாவதுதான். 2023இல் ஓடியபோது ஆச்சி கூட்டத்தோடு நடந்தார். இந்தத் தடவை தெரு முக்கில் நாற்காலி போட்டோம். மாதா கடந்தபோது ஆச்சி எழுந்து நின்றார், பிடிக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். வேண்டுதலை வாய்விட்டே சொன்னார். தெருக்காரர்களின் பெயர்கள்தான், ஒன்றன்பின் ஒன்றாக. அவர் முட்டிவலி அந்த வரிசையில் வரவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இரவு ரயில். மக்ரூன் பெட்டி, மாசிக்கருவாடு, முறுக்கு என்று பை நிறைந்துவிட்டது. துட்டி வீட்டுப் பையனுக்குச் சென்னையில் வேலை பார்க்கச் சொல்லி அவன் நம்பரை என் போனில் ஏற்றவைத்தார். அந்தப் பாட்டிக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க காற்று மெத்தை என்ன விலை என்று கேட்டார். விசாரித்துச் சொன்னேன். "பதினஞ்சாம் தேதிக்குள்ள வாங்கி அனுப்பிரு. பாதி நான் தாரேன், மீதிக்கு மைனிகிட்ட சொல்லிட்டேன்."