தறி நின்ற நாட்களில் மனசைப் பார்த்துக்கொள்வது

கொரோனா ஊரடங்கு நம் கொங்குப் பக்கத்து ஆட்களை ஏன் அவ்வளவு தூரம் ஆட்டிவைத்தது என்று யோசித்தால், நோய்ப் பயத்துக்குச் சமமாக வந்து நிற்பது நேரம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் காலை எட்டரைக்குள் போயாக வேண்டும். ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரிதான் வீடு. சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் தறிச் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கள் மறுபடியும் வேலை. எப்போது எழுவது, எப்போது படுப்பது என்பதையெல்லாம் நமக்காக வேலைதான் முடிவு செய்துவந்தது. 2020 மார்ச் 25-ல் அது ஒரே நாளில் நின்றது. 2021 மே மாதம் மறுபடி நின்றது. ஜூன் 7-க்குப் பிறகு மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கிடைத்தபோதும் 11 மாவட்டங்களில் கட்டுப்பாடு நீண்டது. கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என அதில் ஏழு மேற்கு மாவட்டங்கள்.

இனி எந்தத் தொற்றின் பெயரால் வீட்டோடு இருக்க நேர்ந்தாலும், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து குடும்பமே தனிமைப்பட்டாலும், முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: மனசு வரட்டும், அப்புறம் செய்வோம் என்று உட்கார்ந்தால் மனசு வரவே வராது. கை அசைந்த பிறகுதான் மனசு பின்னால் வரும். பீட்டர் லெவின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலேயே மனச்சோர்வை இந்தக் கோணத்தில் விளக்கினார். ஒரு வேலையை முடித்த திருப்தியும் நாலு பேரோடு பேசிய தெம்பும் குறையும்போது ஆள் இன்னும் கொஞ்சம் ஒடுங்குகிறான். ஒடுங்க ஒடுங்க, அந்தத் திருப்தி கிடைக்கும் வழியும் அடைபடுகிறது. இதை உடைக்க உள்ளே ஊக்கத்தைத் தேடிப் பயனில்லை, செயலில்தான் கை வைக்க வேண்டும். அந்த வழியில் வளர்ந்த சிகிச்சை முறை இன்றைக்கும் மனச்சோர்வுக்குப் பயன்படுகிறது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். முந்தின நாள் பொழுதோட ஒரு நோட்டில் மறுநாளைக்கு மூன்று வேலை எழுதுங்கள். ஒன்று கைவேலை, ஒன்று இன்னொருவருக்கு உதவுவது, ஒன்று உங்களுக்குப் பிடித்தது. ஒவ்வொன்றும் 15 முதல் 20 நிமிடத்தில் முடிய வேண்டும். 'நாளைக்கு ஏதாச்சும் பண்ணோணும்' என்று எழுதினால் நடக்காது. 'காலை டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், பின்வாசலில் மூன்று கத்தரித் தொட்டிக்கும் களை எடுப்பேன்' என்று எழுதினால் நடக்கும். எதற்கு அடுத்து, எந்த இடத்தில், எவ்வளவு என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். ஏற்கனவே தினமும் நடக்கிற ஒன்றின் வாலில் புது வேலையைக் கட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்கத் தேவையில்லை. சோர்ந்த மனசுக்குக் கடினமே அந்த முடிவெடுப்பதுதான்.

இது கெட்டுப்போகும் வழிகள் இரண்டு. முதல் நாள் உற்சாகத்தில் பத்து வேலை எழுதுவது ஒன்று. மூன்று நாளில் நோட்டு மூலைக்குப் போய்விடும். ஒரு நாள் விட்டுப்போனதும் 'நமக்கெங்க இதெல்லாம்' என்று மொத்தமாகக் கைவிடுவது இன்னொன்று. விட்டுப்போனால் மறுநாள் அளவைப் பாதியாக்குங்கள், நேரத்தை மாற்றாதீர்கள்.

கைவேலைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. தறி நிற்கிறது என்றால் பீம் என்கிற உருளையில் சுற்றியிருக்கும் பாவு நூலின் இழுப்பைத் தளர்த்திவிடுங்கள். விறைப்பாகவே பல நாள் நின்றால் திரும்ப ஓட்டும்போது இழை அறுந்துகொண்டே இருக்கும், துணியில் நின்ற இடம் கோடாகத் தெரியும். கஞ்சி போட்ட நூலுக்கு எலியும் ஈரமும் எதிரி. அதனால் பழைய துணியால் மூடி, வாரம் இருமுறை எடுத்துப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு நாளைக்கு ஒரு தறி என்று பஞ்சுத் தூசியைத் துடைத்து, பல்சக்கரத்தில் கெட்டிப்பட்ட பழைய கிரீஸை வழித்தெடுங்கள். வீட்டில் தையல் மெஷின் இருந்தால் ஊசித்தட்டைக் கழற்றிப் பிரஷ்ஷால் தூசி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் துரு ஏறும். எண்ணெய் விட்டபின் ஊசிக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்துவிட்டால், வழிகிற எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். இவை கூலி தராத வேலைகள்தான். ஆனாலும் தொடங்கினோம், முடித்தோம் என்ற கணக்கு உடம்புக்குக் கிடைக்கிறது. கம்பெனி திறக்கிற அன்றைக்கு மெஷினும் தயாராக இருக்கும்.

அடுத்தது தூக்கம். படுக்கிற நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, எழுகிற நேரத்தைக் கட்டலாம். ஆறு மணி என்று வைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் ஆறுதான். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் வானத்து வெளிச்சத்தில் இருங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு டியூப்லைட் கொடுப்பது சில நூறு லக்ஸ்; மேகம் மூடிய காலையில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் அந்த வெளிச்சத்தை வைத்துத்தான் நேரத்தைச் சரி செய்கிறது. லைன் வீட்டில் ஜன்னலே இல்லை என்பவர்கள் வாசப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரியுங்கள், அது போதும். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது தன்னால் கிடைத்துவிடுகிறது. வீட்டு ஆண்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

காப்பி, டீயில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே கடைசி டீ மூன்று மணியோடு சரி. பகல் தூக்கம் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன்னால், அரை மணிக்கு மிகாமல். மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துப் பழகியவர்கள் ஒரேயடியாக மாறப் பார்க்காதீர்கள். இரண்டு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் நகர்த்துங்கள்.

ஒற்றை அறை வீடுகளில் நடக்கும் பெரிய கேடு, பகலெல்லாம் பாயிலேயே போனோடு கிடப்பது. படுக்கை என்றாலே விழித்திருக்கிற இடம் என்று மூளை பழகிக்கொள்கிறது. எழுந்ததும் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துங்கள். ராத்திரி படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கினால் திரும்பப் படுங்கள். மணி பார்க்க வேண்டாம். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-ல் எழுதிய முறை இது. தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாத வழிகளில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உடம்பு அசைவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். மாடிப்படி போதும், இருக்கிற இடத்திலேயே நடந்தாலும் போதும். மே மாதத்தில் ஈரோடு, கரூர் வெயிலுக்கு ஏழு மணிக்கு முன்னாலோ ஆறு மணிக்குப் பின்னாலோதான். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கிவிட்டால் கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. நோயிலிருந்து எழுந்தவர்கள் மட்டும் அவசரப்படாதீர்கள். இன்று நடந்து நாளைக்குப் படுத்துவிட்டால் அளவு அதிகம் என்று அர்த்தம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊரடங்கில் வீட்டு ஆண்களுக்கு ஓய்வு கிடைத்தது, பெண்களுக்கு வேலை இரட்டிப்பானது. எல்லாரும் மூன்று வேளையும் வீட்டில் என்றால் அடுப்பு அணைவதே இல்லை. அம்மாவின் மனசு தளர்ந்துபோன வீட்டில் யாருக்கும் ஊக்கம் நிற்காது. காலண்டரில் கிழமை வாரியாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள்: பாத்திரம் யார், தண்ணி பிடிப்பது யார், மதியச் சோறு யார். சமைத்தே பழகாத ஆண்கள் அரிசியும் பருப்பும் சோற்றில் தொடங்கலாம். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு ஆறு பல், தக்காளி ஒன்று, சீரகம், மிளகு, வரமிளகாய் ஆகியவற்றைக் குக்கரிலேயே தாளித்து மஞ்சள்தூள், உப்பு சேர்த்து மூன்று விசில். ஒரே பாத்திரம், கழுவவும் சுலபம்.

செய்தி பார்ப்பதைக் காலையில் ஒரு கால் மணி, பொழுதோட ஒரு கால் மணி என்று நிறுத்துங்கள். இரவு எட்டுக்கு மேல் வேண்டாம். பங்காளிகள் குரூப், குலதெய்வக் கோயில் குரூப்பில் வரும் ஆடியோக்களைத் திறக்காமலே விடுங்கள்.

பணக் கவலை அப்படி நிறுத்தக்கூடியது அல்ல. வாரச் சம்பளக்காரருக்கு ஒரு சனிக்கிழமை போனாலே வட்டியும் குழுத் தவணையும் வாசலில் நிற்கும். அதனால் அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள்: தினமும் மாலை ஐந்து முதல் ஐந்து இருபது. ஒரு தாளில் கையிருப்பு, எத்தனை நாளைக்கு அரிசி, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அடுத்த அடி இருப்பதற்கு மட்டும் பக்கத்தில் அந்த அடியை எழுதுங்கள்: ரேஷன் கடை, தவணைக்கு அவகாசம் கேட்டு ஒரு போன், ஓனரிடம் முன்பணம். 2021-ல் ரேஷன் அட்டைக்கு இரண்டு தவணையில் 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும் கொடுத்தார்கள். அப்படி எதுவும் அறிவித்தால் விசாரித்து வாங்கிவிடுங்கள், கூச்சம் வேண்டாம். நடுராத்திரியில் வெசனம் வந்தால் 'நாளைக்கு அஞ்சு மணிக்கு' என்று தள்ளிவையுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

குடிப் பழக்கம் உள்ள வீடுகள் கவனமாகக் கேளுங்கள். தினமும் நிறையக் குடித்தவருக்கு டாஸ்மாக் மூடியதும் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இரண்டு, மூன்று நாளுக்கு மேல் இல்லாததெல்லாம் தெரிவதும் ஆள் அடையாளம் குழம்புவதும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. திமிர் என்று நினைத்துக் கட்டிப்போடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இதற்கு மருந்து இருக்கிறது. சானிடைசர், வார்னிஷ், தின்னர் எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

மேலே சொன்னதைச் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நேரம், எதிலும் நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, 'நான் இருந்து என்ன' என்று பேச்சு வந்தால் அது சோம்பல் அல்ல, சிகிச்சை வேண்டிய நோய். 14416 மத்திய அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். 104 மாநில அரசின் எண். கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். காட்டு வீட்டில் பூச்சிமருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை வேறு வீட்டில் கொடுங்கள். சாணத்துக்குப் பதிலாக வாசலில் கரைத்துத் தெளிக்கும் சாணிப் பவுடர் விஷச் சாயம், அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். சாணம் கிடைத்தால் தெளியுங்கள், கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீர் போதும். அந்த நினைப்பு உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அப்போது கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும்.

கம்பெனி திறக்கிறது என்று தகவல் வந்தவுடன் எழும் நேரத்தை ஷிப்டுக்கு ஏற்றபடி நாளுக்குக் கால் மணி நேரம் முன்னால் இழுங்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். போன சம்பளத்தையெல்லாம் பிடிக்க முதல் வாரமே ஒன்றரை ஷிப்ட் ஏற்காதீர்கள். பழக்கம் விட்ட கை கட்டிங் மெஷினிலும் ஓவர்லாக்கிலும் அசதியோடு நிற்கும்போதுதான் விரல் போகிறது. முதல் ஆறு நாள் ஒரு ஷிப்ட் மட்டும் என்று சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.