சின்ன ரிவால்வருக்கு வாகான பிடி தேடி ஆறு வாரம்

என்னிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல், இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைந்த குழல், வெளியே தெரியாத சுத்தியல். சட்டகம் அலுமினியக் கலவை என்பதால் மொத்த எடை ஏறத்தாழ 410 கிராம்தான். காலையில் இடுப்பில் செருகினால் இரவு வரை இருப்பதே தெரியாது. ஆனால் உதையைத் தாங்கிக்கொள்ளத் துப்பாக்கியில் எடை இல்லை. எல்லாம் கைக்கே வந்து சேர்கிறது. இடையில் நிற்பது பிடி ஒன்றுதான்.

இன்னொருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். முந்தைய உரிமையாளர் போட்டிருந்த ரப்பர் பிடியோடு வந்தது. இரண்டு தொல்லைகள் உடனே தெரிந்தன. சட்டைத் துணி ரப்பரில் ஒட்டிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்தால் பிடியின் உருவம் அப்படியே வெளியே தெரிந்தது. சுடும்போது ட்ரிகர் கார்டின், அதாவது விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தின், பின்பக்கம் நடுவிரல் கணுவில் வந்து அடித்தது. பத்துத் தோட்டா சுட்டால் கணு சிவந்துவிடும். அடி வாங்கப்போகிற கை அடுத்த தோட்டாவுக்கு முன்பே பதறும், பதறிய கை குறியைக் கெடுக்கும்.

சரி, மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். முதலில் சிலிண்டரைத் திறந்து ஐந்து துளை வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். தோட்டாக்களை வேறு அறையில் வைத்தேன். பிடியைக் கழற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிடி என்பது இருபக்கமும் பொருந்தும் இரண்டு பலகைகள், அவற்றின் இடுக்கில் எதையாவது விட்டு நெம்பினால் விளிம்பு பிய்ந்துவிடும். திருகை நாலைந்து சுற்று தளர்த்திவிட்டு, அதன் தலையைத் திருப்புளியின் பிடியால் மெதுவாக அழுத்தினால் எதிர்ப்பக்கப் பலகை தானாக எழும்பும். திருப்புளியின் முனை திருகின் வெட்டை முழுதாக நிரப்ப வேண்டும். தளர்வாக இருந்தால் வழுக்கி, சட்டகத்தில் கோடு போட்டுவிடும்.

ரப்பரை எடுத்ததும் உள்ளே இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கம்பியைச் சுற்றி அமர்ந்த சுருள் வில், பிடி நழுவாமல் இருக்கக் கீழே குறுக்காக ஒரு சின்ன எஃகு ஊசி, அவ்வளவுதான். பெரிய சட்டகத்து ரிவால்வர்களில் பட்டை வில் இருக்கும். ஜே எனப்படும் இந்தச் சின்னச் சட்டகத்தில் சுருள் வில் என்பதால்தான் எலும்புக்கூடு இவ்வளவு சிறிது. அந்த ஊசியில் பழுப்பாகத் துரு பூத்திருந்தது. ரப்பருக்கு அடியில் போன வியர்வை வெளியே வர வழியில்லை. அலுமினியம் தப்பித்தது, எஃகு மாட்டிக்கொண்டது. முழு எஃகில் ரிவால்வர் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை பிடியைக் கழற்றித் துடைத்து, துளி எண்ணெய் தடவுவது நல்லது.

முதலில் போட்டுப் பார்த்தது தடித்த ரப்பர் பிடி, சட்டகத்தின் முதுகையும் மூடுகிற வகை. கையில் எடுத்ததும் இதுதான் என்று தோன்றியது. மெத்தை மாதிரி. வாட்கட்டர் என்னும் தட்டைமுனைப் பயிற்சித் தோட்டா, குண்டின் எடை 148 கிரெயின், ஐம்பது சுட்டும் கை வலிக்கவில்லை. ஆனால் இலக்கில் விழுந்த துளைகளின் குழுமம் இடப்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் மருந்தே இல்லாத போலிப் பயிற்சித் தோட்டா போட்டு, கண்ணை மூடிப் பிடித்து, விரல் ட்ரிகரில் எங்கே விழுகிறது என்று திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. முதுகில் ஏறிய ரப்பர் உள்ளங்கையைப் பின்னால் தள்ளிவிடுகிறது. எனக்குக் குட்டை விரல்கள். முன்பு விரலின் சதைப்பகுதி படிந்த இடத்தில் இப்போது நுனி மட்டும்தான் எட்டுகிறது. இந்த ட்ரிகரை முழுதாக இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் விசை வேண்டும். அதை நுனியால் இழுத்தால் துப்பாக்கியே பக்கவாட்டில் நகர்கிறது. நீண்ட விரல்காரருக்கு இதே பிடி வரமாக இருக்கலாம். இடம் மாறினால் குணம் மாறும் பொருள் இது, மற்றவர் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, அதற்கு நேர் எதிர்த் திசை. ஜி-10 என்னும் கண்ணாடியிழைப் பலகை, மெல்லியது. மறைத்து வைப்பதற்கு இதைவிட நல்லது கிடையாது, சட்டைக்குள் கரைந்துவிட்டது. ஆனால் 158 கிரெயின் +பி தோட்டா, அதாவது வழக்கத்தைவிட அழுத்தம் கூடியது, இருபது போனதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டில் தோல் கன்றிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி உள்ளங்கையில் கொஞ்சம் சுழல்கிறது. அடுத்ததற்கு முன் பிடியைச் சரிசெய்தே ஆக வேண்டும். நடுவிரல் கணு அடியும் அப்படியே.

அந்தக் கணு அடிதான் என்னைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது. கோளாறு பிடியின் தடிமனில் இல்லை, ட்ரிகர் கார்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தில். விரல் மேலே ஏறி அந்தப் பள்ளத்தில் போய் உட்காருகிறது, துப்பாக்கி பின்னால் வரும்போது கார்டு அதன்மேல் இறங்குகிறது. அமெரிக்கப் போலீசார் சின்ன மரப் பலகை போட்ட ரிவால்வர்களைச் சுமந்த காலத்திலேயே இதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். டைலர் டி-கிரிப் என்று ஓர் உலோகத் துண்டு, பலகைகளை மாற்றாமல் அந்தப் பள்ளத்தை மட்டும் நிரப்பும். இரவலாகக் கிடைத்த ஒன்றைச் சின்ன மரப் பலகைகளோடு போட்டுச் சுட்டேன். கணு அடி அன்றோடு நின்றது. இவ்வளவு சின்னத் துண்டு இவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று சுட்டுப் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

லேசர் பொருத்திய பிடிகளும் உண்டு. என் தேவை அது இல்லை என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

அப்புறம் தேடியது, பள்ளத்தை நிரப்புவதும் முதுகைத் திறந்து விடுவதும் ஒரே பிடியில் கிடைக்குமா என்று. கிரெய்க் ஸ்பெகல் வடிவமைத்த பூட் பிடிகள் இந்த வகைதான். அடிப்பகுதி சட்டகத்தோடு முடிந்துவிடும், மூலைகள் உருண்டிருக்கும், சுண்டுவிரல் கீழே மடங்கிக்கொள்ளும். நான் வாங்கியது அதே பாணியில் ஈட்டி மரத்தில் செய்தது. விரல் பள்ளங்கள் இல்லாததையே எடுத்தேன். அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவர் விரலுக்கு வெட்டியவை. நம் விரல் அதன் மேட்டில் உட்கார்ந்தால், அவசரத்தில் உருவும்போது பிடி தப்பாகவே விழும். வாங்குமுன் சட்டகத்தின் அடி வட்டமா சதுரமா என்றும் பார்க்க வேண்டும். ஒன்றுக்கான பலகை மற்றதில் உட்காராது.

பொருத்தியதும் விரல் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் வேலை முடியவில்லை. காலித் தோட்டாக்களைத் தள்ளும்போது ஒன்று இடப்பக்கப் பலகையின் மேல்விளிம்பில் தட்டி நின்றது. வேகமாக நிரப்பும் ஸ்பீடுலோடரும் அங்கேயே இடித்தது. எங்கே இடிக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒரு காலிக் கூட்டின் விளிம்பில் விளக்குக் கரியைத் தடவி, சிலிண்டரில் போட்டு, காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியை அழுத்தினேன். மரத்தில் நகக்கண் அளவுக்குப் பிறை வடிவில் கறுப்பு விழுந்தது. பலகையைக் கழற்றி, துப்பாக்கியிலிருந்து தள்ளிப்போய், அந்தப் பிறையை மட்டும் 220 உப்புத்தாளால் தேய்த்தேன். மறுபடி கரி, மறுபடி தேய்ப்பு. ஏழாவது முறை கரி ஒட்டவில்லை. கழிந்தது ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தேய்க்கத் தேய்க்க மரத்தின் செம்பழுப்புக்குள் கருங்கோடுகள் எழுந்து வந்ததைப் பார்க்கையில் இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமா என்று ஆசை வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

பிறகு 400 தாள், அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் மூன்று கை. பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன், வியர்த்த கையில் அது வழுக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போட வேண்டும்.

ஹோல்ஸ்டரையும் மறுபடி சோதித்தேன். புதுப் பிடியில் நடுவிரல் போகும் இடம் உறையின் விளிம்பில் உரசினால், உருவும்போதே பிடி பாதியாகிவிடும். எனக்கு ஒரு நூல் இடைவெளி கிடைத்தது, அது போதும்.

சுடுதளத்தில் 7 கெஜத்தில் ஒப்பிட்டேன். ஒவ்வொரு பிடியிலும் உறையிலிருந்து எடுத்து ஐந்து தோட்டா, நிறுத்தாமல். தடித்த ரப்பரில் முதல் தோட்டா நடுவில் விழுந்தது, மற்ற நான்கும் இடக்கீழாகச் சிதறின. ஜி-10இல் மூன்று நன்றாக இருந்தன, இரண்டு மேலே ஏறிவிட்டன. மரத்தில் ஐந்தும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. கையை நனைத்துக்கொண்டு இன்னொரு ஐந்து சுட்டேன். கொஞ்சம் விரிந்தன, ஆனால் பிடி நகரவில்லை. மென்மையில் ரப்பரை மரம் நெருங்காது. +பி தோட்டா இருபத்தைந்து தாண்டினால் கை சொல்லிவிடும். அதனால் நீண்ட பயிற்சி நாளில் வாட்கட்டர், அதோடு கடைசியில் ஐந்து மட்டும் தினமும் துப்பாக்கியில் சுமக்கிற தோட்டா என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது இந்தப் பிடியில் முந்நூறு தோட்டா ஆகிறது. திருகு இரண்டு முறை தளர்ந்தது. மரத்தில் முரட்டுத்தனமாக இறுக்கினால் பலகை வெடிக்கும் என்பதால், தலைக்குக் கீழே ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டேன். அதற்குப் பிறகு அசையவில்லை. வலப்பக்கப் பலகையின் கீழ்விளிம்பு உட்காரும்போது விலாவில் லேசாக உறுத்துகிறது. அடுத்த வாரம் உப்புத்தாளை மறுபடி எடுக்க வேண்டும்.