9.8 வந்திருந்தால் தேடியிருப்போமா?

நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, அது போய்வரும் நேரத்திலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் g-ஐக் காணும் தனி ஊசல் சோதனை. நீளம் 100 செ.மீ., 20 அலைவுகளுக்கு 38.1 நொடி, கணக்குப் போட்டால் g = 10.9 மீ/நொடி². வர வேண்டியது சுமார் 9.8. நோட்டை நீட்டிய மாணவி கேட்டது எல்லா ஆய்வகங்களிலும் கேட்கிற கேள்விதான்: "சார், 9.8 வர்ற மாதிரி நேரத்தை மாத்தி எழுதிக்கவா?"

மாற்றாதே என்று சொல்வதில் தயக்கமே இல்லை. 10.9 வெறும் தப்பான எண் அல்ல, அதிலேயே தடயம் இருக்கிறது. g-ஐக் கணக்கிடும்போது அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம். 9.8-ஐ 20/19-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 10.86. அதாவது அலைவுகள் இருபது அல்ல, பத்தொன்பது. "எண்ண ஆரம்பிக்கிறப்போ என்னம்மா சொன்னே?" என்று கேட்டதும் விடை வந்துவிட்டது. குண்டு நடுக்கோட்டைத் தாண்டும்போது 'ஒண்ணு' என்று சொல்லி ஸ்டாப் வாட்சை அழுத்தியிருக்கிறாள். அங்கே சொல்ல வேண்டியது 'பூஜ்யம்'. குண்டு அதே திசையில் அதே கோட்டை மறுபடி தாண்டும்போதுதான் ஒன்று. திரும்ப எடுத்தபோது 40.2 நொடி, g = 9.77.

இத்தோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. அவள் பக்கத்து மேசையைக் காட்டினாள். "அவங்களுக்கு 9.82 வந்துச்சு. யாரும் எதுவும் கேக்கலையே. எனக்கும் முதல்லயே 9.8 வந்திருந்தா தேடியிருப்போமா சார்?"

"தேடியிருக்க மாட்டோம்" என்பதுதான் கொடுத்த பதில். உண்மையான பதில்தான். ஆனால் அது உண்மை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பக்கத்து மேசை நோட்டில் குண்டின் ஆரம் எழுத வேண்டிய கட்டம் காலி. ஊசலின் நீளம் தொங்குபுள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. கொக்கியும் ஆரமும் அதில் சேர்த்தி. அவர்கள் நூலை மட்டும் அளந்து 100 செ.மீ. என்று போட்டிருந்தார்கள். விடுபட்டது 1 செ.மீ. என்றால் g ஒரு சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 101 செ.மீ. ஊசலுக்கு 20 அலைவுகள் 40.3 நொடி எடுக்கும். அவர்கள் எழுதியது 40.1. தொடங்கும்போது குண்டு கோட்டைத் தாண்டியபின் கை அழுத்துகிறது, முடிக்கும்போது எதிர்பார்த்துக் காத்திருந்து முந்தி அழுத்துகிறது. கால் நொடி போய்விடுகிறது. ஒரு பிழை g-ஐக் கீழே இழுக்க, இன்னொன்று மேலே தூக்க, நடுவில் 9.82. அந்த நோட்டில்தான் முழு மதிப்பெண்.

இதற்கு நியாயம் சொல்ல முடியும். ஒரு வகுப்பு நேரத்தில் எல்லா மேசையையும் தோண்ட முடியாது. தெரிந்த மதிப்போடு ஒப்பிடுவது எந்த அளவீட்டிலும் முறையான வழிதான். நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என்று g நகரும் எல்லை மிகச் சிறியது, 10.9 என்பது எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் அந்தச் சிறிய வித்தியாசமே எப்படித் தெரியவந்தது? 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேன் போனபோது, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் கயேனில் பின்தங்கியது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு நொடி எடுக்கும் நொடி ஊசலை 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. பாரிஸ் அளவுதான் சரி, நம் கைதான் பிழை என்று அவர் திருத்தி எழுதியிருந்தால், பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்ற வாதத்துக்கு நியூட்டன் கையில் ஒரு நல்ல சான்று குறைந்திருக்கும்.

ஆகவே கேள்வி இப்படி ஆகிறது: 9.8 என்ற எண்ணே தெரியாதவருக்கு அந்தப் பத்தொன்பது கண்ணில் படுமா? மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பது உதவாது, 'ஒண்ணு' என்று தொடங்கும் வழக்கம் மூன்று முறையும் தொடரும். வரைபடமும் உதவாது. ஐந்து நீளங்களுக்கு ஓர் அலைவின் நேரமான T-யின் வர்க்கம் T² கண்டு நீளத்துக்கு எதிராக வரைந்தால், எல்லா T-யும் ஒரே விகிதத்தில் குறைந்திருப்பதால் கோடு அழகாக ஆதிப்புள்ளி வழியே போகும், சாய்வு மட்டும் தப்பு. ஆரத்தை விட்டவர்களை மட்டும் அந்த வரைபடம் பிடித்துவிடும்: கோடு ஆதியைத் தொடாமல் T² அச்சை 0.04 அருகே வெட்டும். சாய்வு கெடாது என்பதால் சாய்விலிருந்து எடுக்கும் g-ஐ அந்தப் பிழை தொடவே தொடாது. வரைபடம் போடச் சொல்வதன் உண்மையான பயன் அதுதான், அதைச் சொல்லாமலே பல இடங்களில் போட வைக்கிறோம்.

எண்ணிக்கைப் பிழையைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது. அதே ஊசலுக்கு 10 அலைவும் 20 அலைவும் தனித்தனியே எடுக்க வேண்டும். ஒன்று குறைவாக எண்ணுபவருக்கு 18.1, 38.1 என்று வரும். முதலாவதிலிருந்து g 12-ஐத் தாண்டும், இரண்டாவதிலிருந்து 10.9. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கழித்தால் 20.0 நொடி, அதுதான் பத்து அலைவுகளின் நேரம். விட்ட 'ஒன்று' கழித்தலில் தானாகப் போய்விடுகிறது. 9.8 எங்கேயும் தேவைப்படவில்லை. ஒரு நீளத்துக்கு மட்டும் செய்தால் போதும், இரண்டு நிமிட வேலை. g கணக்கிடும் முன்பே எல்லா மேசையும் இதைச் செய்ய வேண்டும் என்று வைத்தால், யாருக்கு 9.82 வந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டியதில்லை.

அவள் கேள்விக்கு இது பதிலாகுமா என்றால், பாதிதான். குண்டை 25 டிகிரி இழுத்து விடுபவரை இந்த இரண்டு சோதனையும் பிடிக்காது. அலைவு நேரம் 1.2 சதவீதம் கூடும், g 2.4 சதவீதம் குறையும். கோடு நேராகவே போகும், கழித்தலும் சரியாகவே வரும். அதற்கு 5 டிகிரியிலும் 25 டிகிரியிலும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். 20 அலைவுகளில் வித்தியாசம் கிட்டத்தட்ட அரை நொடி. குண்டு ஆடும் வீச்சு போகப்போகக் குறைவதால் அதிலும் கொஞ்சம் தேயும். கையின் தாமதமே 0.2 நொடி என்னும்போது, தெரிந்தும் தெரியாமலும் நிற்கும் அளவு அது. நூலை இரண்டாகப் பிளந்த தக்கையில் இறுக்காமல் கம்பியில் சுற்றி விட்டவர்களுக்கு இன்னொரு சோதனை வேண்டும். குண்டு நேராக ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்றினால் அதற்கு வேறு. ஒவ்வொரு பிழைக்கும் தனிச் சோதனை என்றால் எந்த இடத்தில் நிறுத்துவது? 9.8 வந்த இடத்தில் நிறுத்துவதுதான் இப்போதைய வழக்கம். அந்த 9.82 நோட்டுக்கு எத்தனை மதிப்பெண் தருவது நியாயம் என்பதற்கு இன்னும் தீர்மானமான விடை இல்லை. ஆரம் காலியாக இருந்ததற்கு ஒன்று குறைக்கலாம், கால் நொடிக்கு எதைக் குறைப்பது?