சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வேறு தேநீர்

இலங்கையின் அப்புத்தளை ரயில் நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரரை முதலில் திட்டிவிடுகிறேன், தேயிலைக்கு அப்புறம் வரலாம். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலைக்கு பஸ்ஸே கிடையாது என்று சத்தியம் செய்தார். பேரம் பேசிக் களைத்து ஏறினோம். பாதி வழியில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை முந்திப் போகிறது! மனிதர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அன்று மதியச் சாப்பாடு பிஸ்கட்டோடு முடிந்தது.

சரி, தேயிலை. ஆகஸ்டில் நானுஓயாவில் ரயில் ஏறும்போது கொட்டுகிற மழை. இலங்கையிலேயே உயரமான நிலையம் பட்டிப்பொல, 1,898 மீட்டர். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். வெளியே வந்தால் சுள்ளென்று வெயில்! தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவா மாகாணப் பக்கம் வறண்டு இறங்குகிறது. இதைக் கச்சான் என்கிறார்கள். அந்தக் காற்றில் செடியின் வளர்ச்சி மட்டுப்படும், கொழுந்தில் மணம் ஏறும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிக்கும் ஊவா தேயிலைக்கு விலை ஏறுவது இதனால்தான்.

குடித்துப் பார்த்தேன். பால் இல்லை, சீனி இல்லை. முதல் மடக்கிலேயே மூக்கு வரை குளிர்ச்சி ஏறுகிறது. அந்த மணத்தில் மெத்தில் சாலிசிலேட்டுக்குப் பெரிய பங்கு. மூட்டுவலித் தைலத்தில் இருக்கும் அதே பொருள்தான். கூட வந்தவர் முகம் சுளித்தார். எனக்கு மூன்றாவது கோப்பையும் போதவில்லை.

நுவரெலியா தேநீர் இதற்கு நேர் எதிர். வெளிர் மஞ்சள் நிறம், பூ வாசனை, குளிரில் மெதுவாக வளர்ந்த இலை. அதில் பால் ஊற்றுவது பாவம், ருசியே காணாமல் போய்விடும். பால் வேண்டுமென்றால் காலி, மாத்தறைப் பக்கத்து ருகுணு தேயிலை வாங்குங்கள். 600 மீட்டருக்குக் கீழே, வெக்கையில் கிடுகிடுவென வளர்வது; கறுத்த சாயம், நல்ல கடுப்பு.

செலவுக் கணக்கும் எழுதலாம் என்றிருந்தேன், ஆட்டோவை நினைத்தாலே எழுத வரவில்லை. இது மட்டும்: ஊவாவுக்கு ஆகஸ்டில் போங்கள். தலவாக்கலை, திம்புள்ள பக்கம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. அங்கே வறண்ட காலம் அப்போதுதான். தம்பேதன்னவுக்கு பஸ் இருக்கிறது.