இலவம் பஞ்சு

"இதில் நூற்க நினைப்பது இலவு காத்த கிளியின் கதைதான், அம்மா." நான் நூல் நூற்கப் பழக்கும் வகுப்பில், ஓர் அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் கேட்டதில் பிழையே இல்லை. "வளவில் இலவங்காய் வெடித்துப் பறக்கிறது. பருத்தியை ஏன் பிள்ளை காசுக்கு வாங்குகிறோம்?"

நான் கொடுத்த விளக்கமும் பிழையில்லை. பருத்தி இழை காயும்போது தட்டையாகி நாடா போல முறுகிக்கொள்ளும். அந்த முறுகல்தான் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வைக்கிறது. இலவ இழையோ உள்ளே வெறும் குழாய். மேலே மெழுகின் வழுவழுப்பு. கையால் சுழற்றி நூற்கும் தக்கிளியில் முறுக்கு ஏறுவதற்குள் வழுகிப் பிரிந்துவிடும். தண்ணீரை ஏற்காது என்பதால் ஒருகாலத்தில் கடலில் அணியும் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள். இவ்வளவும் சொல்லி, "தலையணைக்குத்தான் ஆகும்" என்று முடித்தேன்.

"தலையணை தைத்து வைத்திருக்கிறேன், பிள்ளை" என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. நான் அடுத்தவரின் இழையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாலையில் அவருடைய அயலவர் ஒருவர் சொன்னார். மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கியபோது படத்தோடு போய் இருந்தவர்களில் இவரும் ஒருவர். ஆண்டுதோறும் இலவம் வெடிக்கும் காலத்தில் அந்தத் தலையணைக்குப் புதுப் பஞ்சு மாற்றுகிறாராம்.

எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோர் வாயிலும் வரும் பழமொழி அது. ஆனால் வன்னியில் பத்துப் பெண்கள் கூடியிருக்கும் அறையில் காத்திருக்கும் ஒருத்தியாவது இருப்பாள் என்பதுமா எனக்குத் தெரியாது?

இன்னொன்றும் உறுத்துகிறது. முக்கால் பங்கு பருத்தியோடு கால் பங்கு இலவம் சேர்த்துக் கோதினால் நூல் வரும். அது எனக்கு அப்போதே தெரியும். புதிதாகப் பழகுகிறவர்களைக் குழப்பக் கூடாது என்றுதான் சொல்லாமல் விட்டேன். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். அன்றிரவே வீட்டில் கலந்து நூற்றும் பார்த்தேன். பலமில்லை, ஆனாலும் நூல்தான்.

மறுநாளும் அவர் வந்தார். அறையில் இருந்தவற்றிலேயே சீரான நூல் அவருடையது. பக்கத்தில் போய் நின்றேன்.

"இழை சரியா, பிள்ளை?"

"சரி, அம்மா."

நான் நூற்ற நூல் என் பைக்குள்ளேயே இருந்தது.