சோறு உண்டாச்சா, நன்மை வாங்குனயா

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெர்மனியிலிருந்து கருமத்தம்பட்டிக்குப் போன் போட்டால் எங்கள் அமுச்சி, அதாவது பாட்டி, கேட்பது இரண்டே கேள்விதான். "ஏங் கண்ணு, சோறு உண்டாச்சா?" அப்புறம், "நன்மை வாங்குனயா?" கோயிலில் திருப்பலிப் பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பம்தான் நற்கருணை. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அது நன்மை, முதல் தடவை வாங்குவது புதுநன்மை. ஜெபமாலை சொன்னயா, பைபிள் படிச்சயா என்றெல்லாம் அமுச்சி கேட்காது. முதல் ஆறு மாதம் நான் இரண்டு கேள்விக்குமே பொய்தான் சொன்னேன்.

2022 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். சோமனூர் விசைத்தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவனுக்கு இந்த ஊர் அமைதி காதை அடைத்தது. நாலரை மணிக்கெல்லாம் பொழுது இறங்கிவிடும். வாடகைக்குக் கிடைத்த அறையில் சமைக்கக் கூடாது என்றார்கள், அதனால் ரொட்டி, சீஸ், மறுபடியும் ரொட்டி. ஊரில் பெயர் பதியப் போன இடத்தில் என்ன மதம் என்று கேட்டார்கள். சும்மா கேட்கிறார்கள் என்று நினைத்துக் கத்தோலிக்கன் என்றேன். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, கோயில் வரி என்று தனியாகப் பிடித்திருந்தார்கள். கட்டுகிற வருமான வரியில் 8 சதவீதம். இந்த மாநிலத்திலும் பவேரியாவிலும் 8, மற்ற மாநிலங்களில் 9. அப்பாவிடம் சொன்னேன். "நம்மூர்ல நோம்பிக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான வரி, அங்க மாசாமாசமா?" என்று சிரித்தார். நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா.

சரி, வரி கட்டுகிறோமே, போய்த்தான் பார்ப்போம் என்று ஒரு ஞாயிறு போனேன். பக்தி ஒன்றுமில்லை. பெரிய கோயிலில் இருபது பேர், பெரும்பாலும் என் அமுச்சி வயது, எல்லோரும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்திருந்தது. வங்கி, பஸ், ஆபீஸ் என்று எங்கே போனாலும் அடுத்து என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று ஒரு மணி நேரம் யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

நன்மை வாங்கும் இடத்தில்தான் மாட்டினேன். ஊரில் நான் நாக்கில் வாங்கியே பழகியவன். இங்கே எல்லோரும் கையை நீட்டினார்கள், அதுவும் இடது கையை மேலே வைத்து. அதில் அப்பத்தை வாங்கி, வலது கையால் எடுத்து வாயில் போட வேண்டும். இடது கையில் சோறு வாங்கினால் முதுகில் ஒன்று வைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். தடுமாறி வலது கையை மேலே வைத்தேன், அப்புறம் எந்தக் கையால் எடுப்பது என்று தெரியாமல் குனிந்து நக்கிக்கொண்டேன் என்றே சொல்லலாம். நாலாம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், வலது கைக்கு இடது கையைச் சிம்மாசனமாக்கி வாங்கச் சொன்னதாகப் பின்னால் படித்தேன். என் கை தப்பில்லை என்று அன்றைக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் வாயில் வைத்ததும் அதே ருசி. ருசி என்று சொல்வதற்கே ஒன்றுமில்லாத அதே ருசி. அந்த நாட்டில் நான் சாப்பிட்டதிலேயே ஊரில் சாப்பிட்டது மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கம்பும் ராகியும் அரிசியும் உண்டு வளர்ந்த எங்கள் வீட்டில் கோதுமை என்றால் அப்பாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு நுழைந்த சாமான். நற்கருணை அப்பமோ கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக அதிலுள்ள பசைச்சத்தை (குளுட்டன்) குறைத்த அப்பம் உண்டு, அடியோடு நீக்கினால் செல்லாது. அரிசியில் சுடக்கூடாதா என்று அமுச்சி ஒருமுறை கேட்டது, கூடாது என்றேன். யோசித்துப் பார்த்தால் இத்தனை தலைமுறையாக நாங்கள்தான் வெளியூர்த் தானியத்தை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். நான் வந்து சேர்ந்தது அது விளைகிற காட்டுக்கு.

அப்புறம் வீடு தேடிய காலம். பார்த்த வீடெல்லாம் வேறு யாருக்கோ போனது. தமிழில் நன்மைக்கு முன்னால், நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன் என்று சொல்வோமே, ஜெர்மன் மொழியில் அது 'என் கூரைக்குள்' என்று வரும். எனக்குக் கூரையே இல்லையே ஆண்டவரே என்று தோன்றி, பக்கத்திலிருந்த பாட்டி திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

இங்கே ஒரு சாமியாருக்கு நாலைந்து ஊர். ஒரு ஞாயிறு அவர் வரவில்லை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வாசகம் படித்து, ஜெபம் சொல்லி, அழகாகவே முடித்து வைத்தார். நன்மை மட்டும் இல்லை. சாமியார் இல்லாமல் திருப்பலி இல்லை, அதுவும் சட்டம்தான். வெளியே வந்தால் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. பசி என்று அதைச் சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள், ஆனால் எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. அன்றைக்குத்தான் அமுச்சியிடம் முதல்முறையாக இல்லை என்கிற உண்மையைச் சொன்னேன், "இன்னைக்கு இல்லீங்க அமுச்சி." அது வெசனப்படவில்லை. தான் புதுநன்மை வாங்கின காலத்தில் நடுச்சாமத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்றும், "பசிச்சாத்தான் கண்ணு அது சோறு" என்றும் சொன்னது. தண்ணீருக்கு விலக்குக் கிடைத்தது 1953இல், 1957இல் அந்த நோன்பு மூன்று மணி நேரமாகி, 1964இல் ஒரு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. நான் அந்த ஒரு மணிக்குள்ளேயே காப்பி குடித்துவிடுகிற ஆள்.

2024 கோடையில் ஐந்து ஞாயிறு தொடர்ந்து வாசகம் யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரம். "வாழ்வு தரும் உணவு நானே" என்று இயேசு சொன்னதும் கேட்டவர்களில் பலர், இதையெல்லாம் ஏற்க முடியாது என்று கிளம்பிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்பத்தின் தோற்றம் அப்படியே இருக்க உள்ளே இருப்பது கிறிஸ்து என்பது லேசான பேச்சா? எனக்குப் பிடிகொடுத்தது புனித அகுஸ்தினார் எழுதிய ஒரு கருத்து: மற்ற சாப்பாட்டை நாம் நம் உடம்பாக மாற்றிக்கொள்கிறோம், இதுவோ நம்மைத் தானாக மாற்றிக்கொள்கிறது. மூன்றாம் ஞாயிறு முதல் வாசகம் இறைவாக்கினர் எலியா. சூரைச் செடிக்கடியில் செத்துப்போகிறேன் என்று படுத்துவிட்ட ஆள். வானதூதர் வந்து அறிவுரை சொல்லவில்லை. எழுந்து சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்றார். தணலில் சுட்ட அப்பம், தண்ணீர். அதைத் தின்றுவிட்டு நாற்பது நாள் நடந்தார்.

இந்த பிப்ரவரியில் ஊருக்குப் போனேன். அமுச்சி படுக்கையில். முதல் வெள்ளி சாமியார் வண்டியில் வந்தார், சட்டைப் பைக்குள் சின்னப் பொற்சிமிழ். முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து அம்மா மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார். அப்பத்தில் ஒரு துணுக்கு, ஒரு கரண்டித் தண்ணீர். விழுங்கி முடித்ததும் அமுச்சி, "காப்பி குடிச்சுட்டுப் போங்க சாமி" என்றது.

அவர் போன பிறகு, சாகும் தறுவாயில் கொடுக்கிற நன்மைக்கு வழியுணவு என்று பெயர் என்பதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அமுச்சி கண்ணைத் திறக்காமல், "கட்டுச்சோறுன்னு சொல்லு" என்றது.

கிளம்பும் அன்று அது சொல்லித்தான் அம்மா புளிச்சோறு கட்டினார். கோயம்புத்தூரிலிருந்து சார்ஜா, அங்கே ஆறு மணி நேரம் காத்திருப்பு. விடிகாலை மூன்று மணிக்கு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். பக்கத்தில் திருப்பூர்ப் பையன் ஒருவன், முதல் பயணமாம், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். மூடியில் பாதியைப் போட்டு நீட்டினேன். இடது கையில் போனை வைத்திருந்தான், அதைக் கீழே வைத்துவிட்டு வலது கையால் வாங்கிக்கொண்டான்.